பூட்டிக்கிட்ட ஸ்டீயரிங்கும் ராஜேஸ்வரி அக்காவும்

பூட்டு சரி பண்றவன் கடைக்குச் சிரிச்ச மூஞ்சியோட யாரும் வந்து நான் பாத்ததில்லை. வர்றவுக எல்லாம் ஏற்கனவே வண்டியோட மல்லுக்கட்டி, வீட்டுல பேச்சு வாங்கி, போற எடத்துக்கு நேரம் தப்பி, அந்தக் கோவத்தைக் கொஞ்சமும் சிந்தாம எடுத்துட்டு வந்து என் மேசையில வைப்பாக. இதைப் படிக்கிற நீங்களும் என்னைக்காவது ஒருநாள் சாவியைக் கையில வச்சுக்கிட்டுக் காருக்குள்ள முழிச்சிருப்பீக. அதனால உங்ககிட்ட மனசுவிட்டுச் சொல்லலாம்.

என் பேரு காதர். விருதுநகர்ல இருந்து சூலக்கரை போற ரோட்டு மேல கடை. போர்டுல பேரு பெருசாத்தான் எழுதியிருக்கு, ஆனா எல்லாருக்கும் நான் ‘பாய்’தான். காருல சாவியை உருவினதும் ஸ்டீயரிங் தண்டுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி விழுந்து, திருப்ப விடாமப் பிடிச்சுக்கிரும். அதுதான் ஸ்டீயரிங் லாக். திருடன் வண்டியைக் கொண்டு போயிரக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு. என் அனுபவத்துல அது திருடனை மறிச்சதைவிட ஓனரை மறிச்சதுதான் ஜாஸ்தி.

அதுலயும் இந்த ஸ்போர்ட்ஸ் காரு இருக்கே, அது தனி ரகம். சிவகாசிப் பக்கம் ஆசைப்பட்டு வாங்கி வச்சிருக்கவுக இருக்காக. ஆனா பட்டாசு சீசன் வந்துட்டா அவுகளுக்குச் சோறு திங்கவே நேரம் கிடையாது, காரை எங்கிட்டு ஓட்ட? தார்ப்பாயைப் போத்திப் போட்டுருவாக. தீபாவளி முடிஞ்சு, அசந்து தூங்கி எந்திரிச்சு, ஆசையா தார்ப்பாயை விலக்கிச் சாவியைப் போட்டா ஸ்டீயரிங் அசையாது. ஓடாமக் கிடக்குற வண்டிக்குத்தான் இந்த நோய் வரும். அதனால அவுக சீசன் முடியுற அன்னைக்கு என் சீசன் ஆரம்பம்.

நான் பாத்ததுல பெரிய வேலை சிவகாசி ராஜேஸ்வரி அக்காவோட சிவப்புக் காருதான். அந்த லாக் திறக்குமா திறக்காதாங்கிறதுல, அக்கா திரும்பவும் வண்டி ஓட்டுவாகளா மாட்டாகளாங்கிற கேள்வி கிடந்துச்சு. அங்கன போறதுக்கு முன்னால மத்தவுக படுத்தின பாட்டை ரெண்டு மூணு சொல்லிர்றேன், மனசு ஆறட்டும்.

சந்தனம்

சாத்தூர் பக்கம் மிளகா, பருத்தி போடுற விவசாயி ஒருத்தர், மகன் ஆசைப்பட்டான்னு பழைய ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணை வாங்கி, நேரா இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குக் கொண்டு போயிப் பூசை போட்டாரு. சாமி கும்பிட்டுத் திரும்ப வரக் கிளம்பினா, சாவி பாதிக்கு மேல உள்ள போக மாட்டேங்குது. கட்டி இழுக்கவும் வழியில்லை, ஸ்டீயரிங் திரும்பினாத்தானே? மினி லாரியில ஏத்திட்டு வந்து என் கடை வாசல்ல இறக்கிட்டாக. டார்ச் அடிச்சுப் பாத்தா, சாவித் துவாரம் பூராம் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். ரெண்டும் காய்ஞ்சு கல்லாப் போயிருச்சு. ஊசியை வச்சுக் கிளறிக் கிளறி எடுத்தேன். கடை பூராம் கோயில் வாசனை.

“அடுத்த தடவை பூட்டுக்கு மேல வைங்க, உள்ள வைக்காதீக”ன்னு பதமாத்தான் சொன்னேன். அதட்டிச் சொல்ல எனக்கு வாயில்லை. எங்க மச்சான் ஒருத்தரு, புது வண்டி மணக்கட்டும்னு அத்தரைச் சாவித் துவாரத்துக்குள்ள ஊத்துனவரு. விவசாயி என்னை ஏற இறங்கப் பாத்துட்டுச் சொன்னாரு: “திருடன் கை வைக்கிற எடம் அதுதானே பாய்? அங்கனதானே அம்மன் காவல் வேணும்?”

போன்லயே வைத்தியம்

ஆலங்குளத்துல சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற கான்ட்ராக்டர் ஒருத்தர் போன் போட்டு, எடுத்த எடுப்புலயே கத்த ஆரம்பிச்சாரு. அவரு காரு என்ன கலருன்னு அவருக்கே மறந்திருக்கும், அம்புட்டுப் புழுதி அங்க. “முன் சக்கரம் எதுலயாவது முட்டிக்கிட்டு நிக்குதா பாருங்க”ன்னேன். ஒரு கல்லுல முட்டிக்கிட்டுத்தான் நின்னுருக்கு. அப்படி நின்னா அந்தப் பாரம் பூராம் லாக்குக் கம்பி மேல இறங்கிரும், கம்பி வெளிய வராது. “ஒரு கையால ஸ்டீயரிங்கை பாரம் குறையுற பக்கமா இழுத்துப் பிடிங்க. பிடியை விடாம மத்த கையால சாவியைத் திருப்புங்க. ரெண்டும் ஒண்ணுபோல நடக்கணும்”னு சொல்லிக் கொடுத்தேன்.

டக்குனு சத்தம் போன்ல எனக்கே கேட்டுச்சு. என்னமும் நல்ல வார்த்தை வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். அவரு ஆற அமரக் கேட்டாரு: “நீங்க வராமலே திறந்துக்கிருச்சே, அப்ப உங்க கடை எதுக்கு?”

வாட்ச்மேன் பெட்டி

பட்டாசுக் கம்பெனி கேட்டுல தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எதையும் உள்ள விட மாட்டாக. உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வெளியூர்ல இருந்து ஆர்டர் கொடுக்க வந்த ஒருத்தர், பொத்தானை அமுக்கினா ஓடுற புத்தம் புது ஸ்போர்ட்ஸ் காருல வந்து இறங்கினாரு. வாட்ச்மேன் சுடலை அவரு போனை வாங்கினாரு, லைட்டரை வாங்கினாரு. சாவியிலயும் பேட்டரி இருக்குன்னு அதையும் வாங்கி எல்லாத்தையும் தன் இரும்புப் பெட்டிக்குள்ள போட்டாரு. முறைப்படி செஞ்ச காரியம். வந்தவரு வேலை முடிஞ்சு வெளிய வந்து, போனு கூப்பிட்டுக்கிட்டே கிடந்ததால அதை மட்டும் வாங்கிட்டுப் போயி, பூட்டாம விட்டிருந்த காருல உக்காந்துட்டாரு. சட்டைப் பையை விட்டு வெளிய எடுக்குற வழக்கமே இல்லாத சாவி. அது பையில இல்லைங்கிற நினைப்பு எப்படி வரும்? பொத்தானை அமுக்கினா காரு கேக்கலை, ஸ்டீயரிங் அசையலை. என்னைக் கூப்பிட்டுட்டாரு.

நானும் போயி, “கரண்டுல வேலை செய்யுற லாக்கு, மோட்டாரு போயிருக்கும்”னு பெரிய டாக்டரு கணக்கா சொல்லிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழ மூடியைக் கழத்தி, ஒயரை எல்லாம் வெளிய எடுத்துப் போட்டேன். சட்டை நனைஞ்சு போச்சு. சாப்பிடப் போயிருந்த சுடலை அண்ணன் அப்பத்தான் வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து, பெட்டியைத் திறந்து சாவியை நீட்டினாரு. வந்தவரு என்னைப் பாத்தாரு, நான் சுடலையைப் பாத்தேன். அவரு பதறவே இல்லை: “போனுன்னா கத்தும், நானும் எடுத்துக் கொடுப்பேன். இது வாயில்லாத சாமான், நான் என்ன செய்ய சார்?”

சிவப்புக் காரு

இனி அக்கா கதை. ராஜேஸ்வரி அக்காவுக்குச் சிவகாசியில பிரஸ். கீழ பிரஸ், மாடியில வீடு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறது, தீபாவளி கழிஞ்சதும் காலண்டர். வீட்டுக்காரரு தவறின பிறகு ஒத்தை ஆளா நின்னு நடத்தினவுக. மகன் செந்தில் படிச்சு முடிச்சுத் தொழிலை ஏத்துக்கிட்டதும், அக்கா தனக்குன்னு ஒரு காரு வாங்கினாக. ரெண்டே சீட்டு, சிவப்பு, கூரையைத் திறந்து மூடலாம், கியர் மாத்துற வேலை கிடையாது. சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிக்கிட்டு, கூரையைத் திறந்துவிட்டுச் சாத்தூருக்குப் போயிக் காராச்சேவு வாங்கிட்டு வருவாக. வீட்டு டின்னுல சேவு நிறைஞ்சு கிடந்தாலும் போவாக.

ஒரு சீசன் மும்முரத்துல பிரஸ்லயே விழுந்துட்டாக. பக்கவாதம். காலு தேறிருச்சு, பேச்சுலயும் குறையில்லை. இடது கைதான் சொன்னபடி கேக்கலை. தீபாவளி முடிஞ்சு எனக்கு ஆள் விட்டாக. போயிப் பாத்தா, காரு ஷெட்டுல ஸ்டீயரிங் ஒரு பக்கமா ஒடிச்சபடி பூட்டிக் கிடக்கு. அக்கா பக்கத்துல நாற்காலியைப் போட்டு, ஒரு ரப்பர் பந்தை இடது கையில வச்சு அமுக்கிக்கிட்டு இருந்தாக. பந்து கொஞ்சம் அமுங்குறதுக்குள்ள அவுக நெத்தியெல்லாம் வேர்வை. எனக்கு மனசு என்னமோ பண்ணிருச்சு. அதைக் காட்டிக்கிராம, தார்ப்பாய்த் தூசியைத் தட்டாம வச்சிருக்காகன்னு யாரையோ வைய ஆரம்பிச்சேன். அக்கா நிறுத்தச் சொல்லிட்டுச் சொன்னாக: “கையை டாக்டரு பாத்துக்கிருவாரு, காரை நீங்க பாருங்க பாய். ரெண்டுல எது முந்துதுன்னு பாப்போம்.”

சரி பண்ணிராதீங்க

நான் பையைத் திறந்து வேலையை ஆரம்பிக்கிறதுக்குள்ள செந்தில் வந்து, “ஒரு நிமிசம் வாங்க பாய்”னு பிரஸ்க்குள்ள கூட்டிட்டுப் போனாரு. பேப்பர் வெட்டுற கட்டிங் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தத்துல பேசினா வெளிய கேக்காது. “அதைச் சரி பண்ணிராதீங்க பாய். பார்ட் கிடைக்கலைன்னு சொல்லிருங்க”ன்னாரு. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. ஏன் இன்னும் சரி பண்ணலைன்னு என் சட்டையைப் பிடிச்சவுக உண்டு. சரி பண்ணாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டது இவரு ஒருத்தருதான்.

“உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்ல வேண்டியதுதானே? ஏன் என்னைப் பொய் சொல்லச் சொல்றீக?”ன்னு கேட்டுட்டேன். “எங்க அம்மா யாரு சொல்லி எதை விட்டாக?”ன்னாரு. நெசந்தான். நான் கிளம்பப் பாத்தேன். அவரு மிஷினுக்கு அடியில தரையைக் காட்டினாரு. அவரு சொன்னதுல என் கோவம் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியலை. “இந்த எடத்துல அம்மா விழுந்து கிடந்ததை நான்தான் மொதல்ல பாத்தேன் பாய். இன்னொரு தடவை ரோட்டுல பாக்க என்னால ஆகாது.”

நாளைக்கு ரெடி

அன்னைக்குக் காரைப் பாத்த மட்டுல எனக்கு நோய் புரிஞ்சு போச்சு. லாக்குக் கம்பி ஒரு பக்கமாத் தேய்ஞ்சு, தண்டோட பள்ளத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. கூடவே ஸ்டீயரிங் ஒரு பக்கமாத் திரும்பி நின்ன பாரம். ஆலங்குளத்துக்காரருக்குச் சொன்ன வைத்தியமேதான், ஆனா இதுக்கு இழுப்பு பலமா வேணும். வலது கையில சாவி, இடது கையால ஸ்டீயரிங்கை நல்லா அழுத்தி இழுத்துப் பிடிச்சா திறக்குது. இழுப்பு ஒரு நூலு குறைஞ்சாலும் திறக்க மாட்டேங்குது. ஓடும்போது கம்பி தானா விழுந்துருமான்னு ஆட்டி அசைச்சுப் பாத்தேன். சாவி உள்ள இருக்குற வரைக்கும் விழ வழியே இல்லை. அது மட்டும் சந்தேகமா இருந்திருந்தா யாரையும் கேக்காமக் கழத்தி எறிஞ்சிருப்பேன். பாத்து முடிச்சுப் பழையபடி பூட்டி வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். விசயத்தைக் கேட்டு வீட்டுக்காரி ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாளான்னு பாத்தா, “பொய் சொன்னாலும் பாவம், நெசத்தைச் சொன்னாலும் பாவம், நல்ல ஆளு வீட்டுக்கு வேலைக்குப் போயிருக்கீக”ன்னுட்டா.

மறு தடவை போனப்போ, “பார்ட் இன்னும் வரலைக்கா, நாளைக்கு வந்துரும்”னு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னேன். அக்கா சிரிச்சுட்டாக. “பாய், நான் பிரஸ் நடத்துறவ. லேபிளு நாளைக்கு ரெடின்னு எம்புட்டுக் கம்பெனிக்குச் சொல்லியிருப்பேன்? அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா?” அதுக்கு மேல என்னால தாக்குப் பிடிக்க முடியலை. செந்திலையும் பக்கத்துல வச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன், இழுக்க வேண்டியது இடது கைங்கிற வரைக்கும். கையை மாத்திப் போட்டாலும் இடது கை விரலு சாவியைப் பிடிச்சுத் திருப்பணும். எப்படிப் பாத்தாலும் அந்தக் கை இல்லாம இந்தப் பூட்டு திறக்காது. அக்கா தன் இடது கையை எடுத்து மடியில வச்சாக. செந்தில் என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, அதுக்குள்ள அவுகளே சொல்லிட்டாக: “அப்ப பூட்டு இப்படியே இருக்கட்டும். என் இடது கை இதைத் திறந்து, டாக்டரும் சரின்னா நான் ஓட்டுறேன். திறக்கலைன்னா சாவியை நானே உன் கையில கொடுத்துர்றேன், போதுமாலே?”

சப்பரம்

சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா சிவகாசியில காலண்டர் சீசன் யாருக்காகவும் நிக்காதே. பேப்பர் லோடு லாரி வாசலுக்கு வந்துருச்சு. இறக்கி வைக்க எடம் இந்த ஷெட்டுதான், ஷெட்டுல காரு. முன்னால தள்ளினா வாசலை அடைக்கும். திருப்பலாம்னா ஸ்டீயரிங் திரும்பாது. லாரி டிரைவரு ஹாரனை அமுக்கிக்கிட்டே இருக்காரு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்த வந்த என்னைப் பாத்து, “இன்னைக்கு மட்டும் திறந்து விட்டுருங்களேன் பாய்”னு செந்தில் கெஞ்சினாரு. நானும் சாவியை எடுத்துட்டேன். “யாரும் தொடக் கூடாது”ன்னு மாடியில இருந்து அக்கா சத்தம் வந்துச்சு. பரீட்சைப் பேப்பரை முன்கூட்டியே பிரிச்சிட்ட மாதிரி நான் சாவியைக் கீழ வச்சேன்.

கடைசியில பிரஸ்ல இருந்த ஆம்பளைக பூராம் சுத்தி நின்னு, “ஏலே, ஒண்ணாத் தூக்குங்கலே”ன்னு காரைச் சப்பரம் மாதிரி தூக்கிட்டுப் போயிப் பின்னால இருக்க பொட்டலு ஓரம் இறக்கி வச்சாக. நானும் ஒரு கை பிடிச்சேன், எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பைண்டிங்ல வேலை பாக்குற பேச்சியம்மா வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துட்டு, மாடியைப் பாத்துக் குரல் கொடுத்தாக: “முதலாளியம்மா, இன்னைக்கு உங்க காரை நாங்க தூக்கிட்டுப் போறோம். நாளைப் பின்ன எங்களை அதுல உக்கார வச்சு நீங்க ஒரு சுத்து கூட்டிட்டுப் போகணும், சொல்லிட்டேன்.”

அரம்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு வந்து நான் கடை திறக்குறதில்லை. பேட்டரியைப் பாத்துட்டு வர்றேன்னு சாக்குச் சொல்லிட்டுச் சிவகாசிக்குப் போயிருவேன். அக்கா ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டுட்டு, பிரஸ் வேலையவே மருந்தா எடுத்துக்கிட்டாக. அச்சடிச்சு வர்ற லேபிள் தாளைக் கட்டுக் கட்டா ரெண்டு கையாலயும் அள்ளி, மேசையில தட்டித் தட்டி ஓரம் சேத்து அடுக்கணும். ஒரு கை ஏமாத்தினாக் கட்டு கோணிக்கிட்டு நிக்கும். ஆரம்பத்துல அக்கா அடுக்கின கட்டை பேச்சியம்மா வாங்கி மறுபடி அடுக்குவாக. கொஞ்ச நாள்ல அப்படியே வாங்கி வைக்க ஆரம்பிச்சாக. நம்பிக்கை வந்து அக்கா காருல ஏறி உக்காந்தாக. வலது கையில சாவி, இடது கையில ஸ்டீயரிங். இழுத்தாக, இழுத்தாக, அசையலை. கை நழுவி ஹாரன்ல விழுந்து, பிரஸ்ல இருந்த அம்புட்டுப் பேரும் ஓடி வந்துட்டாக. அடுத்த வெள்ளியும் இதே கதை. அக்கா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதுட்டாக.

என்னால பொறுக்க முடியலை, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. அக்கா மூஞ்சி கழுவ எந்திரிச்சுப் போனதும் பையில இருந்து அரத்தை எடுத்தேன். மூடியைக் கழத்தி, கம்பி முனையை ரெண்டு இழுப்பு தேய்ச்சு விட்டாப் போதும், பச்சைப்பிள்ளை தொட்டாலும் திறக்கும். யாருக்குத் தெரியப் போகுது? செந்தில்கிட்டயும் மூச்சு விட வேண்டாம். குனிஞ்சு திருப்புளியை வைக்கிறேன், பின்னாலயே குரல் வருது: “அரத்தை உள்ள வைங்க பாய். நீங்க தேய்ச்சு அது திறந்தா, செந்தில் என்னை நம்பிருவான். நான் என் கையை நம்ப மாட்டேன்.”

பொட்டல்ல ஒரு சுத்து

பொங்கல் கழிஞ்சு காலண்டர் வேலை ஓய்ஞ்ச பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. டாக்டரு கையையும் கண்ணையும் சோதிச்சுப் பாத்துட்டு, மொதல்ல காலி எடத்துல, பக்கத்துல ஆள் வச்சு ஓட்டிப் பழகுங்கன்னு சொல்லியிருந்தாரு. பூட்டு ஒண்ணுதான் பாக்கி. அக்கா ஏறி உக்காந்தாக. செந்தில் தள்ளி நின்னு செல்போனைப் பாக்குற மாதிரி நின்னாரு, போனு தலைகீழா இருந்துச்சு. அக்கா இழுத்த இழுப்புல தோளு வரைக்கும் நடுங்குது. நான் எனக்குள்ள ஓதிக்கிட்டே நிக்கிறேன். டக்குனு சத்தம். ஸ்டீயரிங் அக்கா கையோட திரும்பிருச்சு. வாழ்நாள் பூராம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கிறவன், அன்னைக்குத்தான் அது எனக்கு இனிச்சுச்சு.

அக்கா என்ன செஞ்சாக தெரியுமா? சாவியை உருவி மறுபடியும் பூட்டிட்டாக. “நீ வந்து பாரு”ன்னு மகனைக் கூப்பிட்டாக. செந்தில் உக்காந்து மல்லுக்கட்டினாரு, ரெண்டு கையும் நல்லா இருக்க ஆளு, பக்குவம் தெரியலை, திறக்கலை. அக்கா அவரை எந்திரிக்கச் சொல்லிட்டு, உக்காந்து, இழுத்து, மறுபடியும் திறந்தாக. “ஏலே, பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. ஆனா ஏறு”ன்னாக. செந்தில் ஏறி பெல்ட்டை மாட்டினாரு. கூரையைத் திறந்துவிட்டு, பொட்டலை மாட்டு வண்டி வேகத்துல ஒரு சுத்து சுத்தி வந்தாக. பிரஸ் பூராம் வெளிய நிக்குது. கார் நின்னதும் செந்தில் இறங்காம, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. பேச்சியம்மா போயிக் கதவைத் திறந்தாக: “சின்ன முதலாளி, அழுகுறதை இறங்கி நின்னு அழுகுங்க. அடுத்த சுத்து என் முறை.”

புது பார்ட்

அக்கா கொஞ்சம் கொஞ்சமா பழகி, டாக்டரு மறுபடியும் பாத்துத் தலையாட்டின பிறகு, சாத்தூர் வரைக்கும் போயிட்டு வர ஆரம்பிச்சாக. பக்கத்துல செந்தில் இல்லைன்னா பேச்சியம்மா. இனியும் அந்தத் தேய்ஞ்ச கம்பியோட வண்டி ஓடுனா என் பேரு என்னத்துக்கு ஆகும்? மதுரையில சொல்லி வச்சு, அந்த மாடலுக்கு உண்டான புது லாக்கை வரவழைச்சு எடுத்துக்கிட்டு, ராஜநடை போட்டுப் போனேன். செந்தில் என்னைக் கண்டதும் மறுபடியும் அந்தக் கட்டிங் மிஷின் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. பழைய கதை திரும்புதோன்னு பாத்தேன். அவரு என் கையில இருந்த டப்பாவை வாங்கி, திரும்ப என் பையிலயே வச்சாரு.

“அதைச் சரி பண்ணிராதீங்க பாய். காலையில அம்மா அதைத் திறக்குற சத்தம் மாடிக்குக் கேக்குது. அது கேட்டுட்டா அம்மா கை நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்புறந்தான் நான் நிம்மதியா பல்லு விளக்கப் போறேன்.”

புது லாக்கு இன்னமும் என் கடை அலமாரியில பிரிக்காமலே கிடக்கு, அதுக்குப் பக்கத்துல சிவப்புக் காருல வந்து இறங்குற சாத்தூர்க் காராச்சேவு மட்டும் வந்த அன்னைக்கே தீர்ந்து போயிருது, ஆக மொத்தத்துல செஞ்ச வேலைக்கெல்லாம் பேச்சு வாங்கின எனக்கு, செய்யாம விட்ட வேலைதான் தின்னக் கொடுக்குது.